கத்திரி வெயிலும் நலத்தோட்டமும்: வாசகர் கேள்வி – பதில்

முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி, மறுவாழ்வு மையம், வீட்டில் நீண்ட நாள் படுக்கையில் இருப்பவர் என யாருக்காக இருந்தாலும், உடம்பும் மனசும் தேறட்டும் என்று திட்டமிட்டு வைப்பது நலத்தோட்டம். வடசென்னை வாசகர்கள் இந்த முறை அனுப்பியவற்றில் பெரும்பாலானவை வெயில் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

ராயபுரத்தில் எங்கள் முதியோர் இல்லத்தின் பின்பக்கம் 20-க்கு 40 அடி இடம் இருக்கிறது. செடி, பெஞ்ச் எல்லாம் போட்டிருக்கிறோம். மாசி வரை ஆள் இருக்கும். பங்குனி பிறந்தால் ஆனி முடியும்வரை ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. தண்ணீர் இன்னும் நிறையத் தெளிக்க வேண்டுமா?

தண்ணீர் கடைசி வேலை. முதலில் நிழல், அடுத்தது காற்று. இந்த இரண்டும் சரியில்லாத இடத்தில் எத்தனை குடம் ஊற்றினாலும் புழுக்கம்தான் மிச்சம்.

ஒரு தாளில் இடத்தை வரைந்து கிழக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். ஆக, கத்திரியில் நண்பகல் நேரத்தில் எந்தச் சுவரும் உதவாது. ஜூன் மாத உச்சிவேளையில் ஆறடிச் சுவரின் நிழல் ஒரே ஒரு அடிதான், அதுவும் தெற்குப் பக்கம் விழும். 'வடக்குச் சுவர் எப்போதும் குளுமை' என்று நம்பி வடக்குப் பார்த்த சுவரடியில் பெஞ்ச் போட்டவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

காலையும் மாலையும் கதை வேறு. மே மாதக் கடைசியில் காலை ஏழரை மணிக்குக் கிழக்கு மதில் ஆறடி இருந்தால் அதன் நிழல் சுமார் 12 அடி உள்ளே வரும். மாலை நாலரைக்கு மேற்கு மதிலின் நிழல் 11 அடி, ஐந்து மணிக்கு 15 அடிக்கு மேல். அதனால் காலை பெஞ்ச் கிழக்கு மதிலோரம், மாலை பெஞ்ச் மேற்கு மதிலோரம் என்று இரண்டு இடங்களாகப் பிரியுங்கள். மேற்கு மதில் வெளிப்பக்கமாக மதியமெல்லாம் வெயில் குடித்திருக்கும், சாயங்காலம் அந்தச் சூட்டை உள்பக்கம் விடும். பெஞ்சை மதிலை விட்டு ஒன்றரை அடி தள்ளிப் போட்டு, இடையில் வெட்டிவேர்த் தொட்டிகளையோ கொடி ஏற்றிய கம்பி வலையையோ நிறுத்துங்கள்.

காற்று விஷயத்தில் ராயபுரம் கொடுத்துவைத்த ஊர். கடல் கிழக்கே கூப்பிடு தூரத்தில். பெரும்பாலான நாட்களில் முற்பகல் கடைசிக்கும் பிற்பகல் தொடக்கத்துக்கும் இடையில் கடற்காற்று உள்ளே வந்துவிடும். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பலமாக இருந்து அதைத் தடுத்துவிட்ட நாட்களில்தான் வெயில் எகிறும். 2003 மே 31-ல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கடற்காற்று உள்ளே வரக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் வழி வேண்டும். கிழக்கு மதிலில் மூன்றடிக்கு மேல் துளைகள் உள்ள ஜாலி கல் வைக்கலாம். கிழக்குப் பக்கம் அடர்ந்த வேலிச்செடி வேண்டாம். அடர்த்தியெல்லாம் மேற்கே இருக்கட்டும்.

அடுத்தது பந்தல். வாசல்படியிலிருந்து முதல் பத்தடியில் தொடங்குங்கள். இதை யாரும் கவனிப்பதில்லை. பெஞ்சுக்கு மேல் பந்தல் இருக்கும், கதவிலிருந்து பெஞ்ச் வரை வெட்டவெளி. இருட்டு அறையிலிருந்து வரும் வயசானவருக்குக் கண் கூசும், தரை சுடும், நடைக்குச்சியோடு அங்கேயே திரும்பிவிடுவார். கதவுக்கும் முதல் பெஞ்சுக்கும் இடையில் வெயில் ஒரு சாண்கூட விழக் கூடாது.

கீற்றுப் பந்தலை இந்த ஊர் வெயிலில் இன்னும் எதுவும் தோற்கடிக்கவில்லை. சவுக்குக் கம்பை இரண்டடி ஆழம் ஊன்றி, தரையிலிருந்து 9 அடி உயரத்தில், கீற்றைப் பாதிக்குப் பாதி மேலேற்றிக் கட்டச் சொல்லுங்கள். ஒரு வருஷம் தாங்கும். சமையலறை, விளக்கு மாடம், பட்டாசுப் பக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும். கீற்று முடியாவிட்டால் 75 சதவீத நிழல்வலை. செடிக்கென்று கடையில் தரும் 50 சதவீத வலை மனிதர்களுக்குப் போதாது. வலையை ஏழடியில் கட்டினால் வலையே சூடாகித் தலைக்கு மேல் அனல் வீசும். பத்தடிக்குக் குறையாமல், மேற்கே தாழ்த்திக் கிழக்கே உயர்த்திக் கட்டுங்கள். ஐப்பசி மழைக்கு முன் கழற்றி மடித்துவிடுங்கள், புயல் காற்றில் கம்பியையும் சேர்த்துப் பிடுங்கிவிடும்.

மரம் என்றால் மேற்கு ஓரத்தில் ஒரு பூவரசு. உப்புக்காற்றைத் தாங்கும். ஆடிக்குப் பிறகு ஆறடி நீளக் கிளையை, அதாவது போத்தை, வெட்டி நட்டால் கன்றுக்குக் காத்திருக்கும் காலம் மிச்சம். சித்திரையில் நடாதீர்கள். கட்டடத்திலிருந்து பத்தடி தள்ளி புங்கையும் வைக்கலாம். பங்குனியில் இலை கொட்டுகிறதே என்று புங்கையை வெட்டுகிறவர்கள் உண்டு. இரண்டே வாரத்தில் தளதளவென்று புது இலை விட்டு, கத்திரி தொடங்கும்போது முழு நிழலோடு நிற்கிற மரம் அது.

கடைசியாகத் தண்ணீர். மாலை நாலு மணிக்கு மண்தரையிலும், மணல்மேல் பரப்பிய செங்கல் பாதையிலும் 100 சதுர அடிக்கு 20 லிட்டர், பூவாளியால். குட்டை தேங்கக் கூடாது. அரை மணியில் ஈரம் உள்ளே போய்விடும், நாலரைக்கு ஆட்களை அழைத்து வரலாம். காலை ஆறு முதல் எட்டரை, மாலை நாலரை முதல் ஆறரை. கோடையில் உங்கள் தோட்டத்துக்குப் பார்வை நேரம் இவ்வளவுதான். பதினோரு மணியிலிருந்து மூன்றரை வரை கதவைச் சாத்தி வைப்பதில் தவறில்லை.

திருவொற்றியூரில் சிறப்புக் குழந்தைகளுக்கான பகல்நேர மையம் நடத்துகிறோம். பனிபோல் நீர் தெளிக்கும் மின்விசிறி வாங்கினோம். தரை நனைந்து வழுக்குகிறது, பிசுபிசுப்பு கூடுகிறது, குளிர்ச்சி மட்டும் இல்லை. விசிறியில் கோளாறா?

பெரும்பாலும் விசிறியில் கோளாறு இருக்காது, நேரமும் இடமும்தான் பொருந்தவில்லை. தண்ணீர் ஆவியாகும்போதுதான் சூட்டை எடுத்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடமில்லை. 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்ற நிலையில் நீர்த்தெளிப்பால் காற்றைக் கொள்கையளவில் 24 டிகிரி வரை இறக்கலாம். 35 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் 29-க்குக் கீழே போகவே போகாது. நடைமுறையில் கிடைப்பது இதில் பாதிகூட இல்லை. கடற்கரைக்கு ஒரு கிலோமீட்டரில் இருந்துகொண்டு கடற்காற்று வந்த பிறகு அதைப் போடுவது வியர்த்தவனுக்கு ஈரத் துண்டு போர்த்துவது மாதிரி.

வறண்ட மேல்காற்று அடிக்கும் முற்பகலில் மட்டும் நீரோடு ஓட்டுங்கள். கடற்காற்று வந்ததும் நீரை நிறுத்திவிட்டு வெறும் விசிறியாக ஓட்டுங்கள். காற்று 40 டிகிரியைத் தாண்டிய நாளில் விசிறியே உடம்பில் சூடு ஏற்றும், அன்றைக்குக் குழந்தைகள் உள்ளே இருக்கட்டும். இன்னொன்று: மொட்டைமாடித் தொட்டியில் வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரை ஒருபோதும் தெளிப்பானில் விடாதீர்கள். நுரையீரலுக்குள் போகிற அளவு நுண்ணிய துளியில் கிருமியும் போகும். தினமும் தொட்டியைக் காலிசெய்து உலர்த்தி, சுத்திகரித்த குடிநீரை ஊற்றுங்கள். சில குழந்தைகளுக்கு அந்த 'உஸ்' சத்தமே ஒவ்வாது, அவர்கள் உட்காரும் மூலைக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம்.

தண்டையார்பேட்டையில் போர் தண்ணீர்தான். கோடையில் இலை நுனி கருகுகிறது. வெயில் என்று நினைத்து இரண்டு வேளை ஊற்றுகிறோம், இன்னும் கருகுகிறது.

வெயில் கருக்கலுக்கும் உப்புக் கருக்கலுக்கும் அடையாளம் வேறு. வெயிலில் வெந்தால் சூரியனைப் பார்த்த இலையின் நடுவில் வெளிறிய திட்டு விழும். உப்பு என்றால் நுனியிலும் ஓரத்திலும் பழுப்பு தொடங்கி உள்ளே நகரும், முற்றிய இலைகளில் முதலில் தெரியும். தொட்டி விளிம்பில் விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்கு உதிர்ந்தால் சந்தேகமே வேண்டாம். கடலோர வடசென்னையில் கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க உப்பு ஏறும். நீங்கள் இரண்டு வேளை ஊற்றும்போது இரண்டு பங்கு உப்பையும் ஊற்றுகிறீர்கள். தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு போவதில்லை.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், பேனா அளவுதான் இருக்கும். மீட்டரில் 450 பிபிஎம்-க்குக் கீழ் என்றால் எந்தச் செடிக்கும் கவலையில்லை. 450 முதல் 2000 வரை செடியைப் பார்த்து ஊற்ற வேண்டும். 2000-க்கு மேல் தொட்டிச் செடிக்கு ஆகாது. ரோஜா முதலில் விழும், பீன்ஸும் அப்படியே. பூவரசு, புன்னை, காகிதப்பூ, கற்றாழை நின்று பிடிக்கும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது உப்பை அலசி வெளியேற்றுவது. பத்து லிட்டர் மண் பிடிக்கும் தொட்டிக்கு 20 லிட்டர் நல்ல தண்ணீர், லாரித் தண்ணீராகவோ மழைநீராகவோ இருக்கலாம். ஒரே மூச்சில் கவிழ்க்காமல் மூன்று தடவையாக, தடவைக்கு அரை மணி இடைவெளி விட்டு, அடித்துளை வழியே ஓட விடுங்கள். அடியில் தட்டு இருந்தால் அன்றைக்கு எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஓடிய உப்பையே செடி திரும்பக் குடிக்கும். கோடையில் மாதம் ஒருமுறை போதும். 'ஜிப்சம் போட்டால் உப்பு போய்விடும்' என்று கடையில் சொல்வது பாதிதான் சரி. அது சோடியத்தை மண்ணிலிருந்து விடுவிக்கும், வெளியே தள்ள நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். தேங்காய் நார்க்கழிவுக் கட்டியிலும் உப்பு இருக்கும். மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலவையில் சேருங்கள்.

ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் தண்ணீரைச் செடிக்குத் திருப்பிவிடுவது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. போர் தண்ணீரைச் சுத்திகரித்த இயந்திரம் என்றால் அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். அது தரை கழுவ. ஏசியிலிருந்து சொட்டும் நீர் நேர் எதிர், உப்பே கிடையாது. நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு ஏசி ராத்திரிக்குள் ஒரு வாளி நிரப்பும். மல்லிக்கும் ரோஜாவுக்கும் அதை எடுத்து வையுங்கள். கோடை மழை ஒரு சென்டிமீட்டர் பெய்தால் 500 சதுர அடி மாடியிலிருந்து 460 லிட்டர் வரை பிடிக்கலாம். முதல் பத்து நிமிட அழுக்குத் தண்ணீரை விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

ஊற்றும் அளவு: 12 அங்குலத் தொட்டிக்குக் காலை ஏழுக்குள் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். மாலையில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அரை லிட்டர். மேல்மண்ணில் இரண்டு அங்குலம் காய்ந்த சருகோ தேங்காய் மட்டைத் துண்டோ பரப்புங்கள், தண்டை ஒட்டாமல்.

வியாசர்பாடி மறுவாழ்வு மையத்தில் கருங்கல் பெஞ்ச், ஸ்டீல் கைப்பிடி, கூழாங்கல் பதித்த எட்டு வடிவ நடைபாதை போட்டோம். கோடையில் எதையும் தொட முடியவில்லை.

கையின் பின்புறத்தை அதில் வைத்துப் பத்து எண்ணுங்கள். வைத்திருக்க முடியாவிட்டால் அது நோயாளிக்கு ஆகாது. கருங்கல்லும் கடப்பாக் கல்லும் சூட்டை விழுங்கி வைத்திருந்து ராத்திரி எட்டு மணி வரை விடும். பெஞ்சின் மேல் அரை அங்குல இடைவெளி விட்டு மரச்சட்டம் அடியுங்கள். செலவு வேண்டாமென்றால் பழைய ஒயர் நாற்காலிக்கு மிஞ்சியது இல்லை, முதுகுக்குப் பின்னால் காற்று போகும். உட்காரும் உயரம் 18 அங்குலம், கைப்பிடி கட்டாயம். இல்லாவிட்டால் முட்டிவலிக்காரர் எழ முடியாது. ஸ்டீல் கைப்பிடியில் கயிறு இறுக்கிச் சுற்றுங்கள், வருஷம் ஒருமுறை மாற்றுங்கள்.

எட்டு நடைபாதை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறோம். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். சுடுவது தெரியாமல் நடந்து முடிப்பார், மறுநாள் கொப்புளம், பிறகு ஆறாத புண். அவர்களை வெறுங்காலோடு கூழாங்கல்லில் எந்தப் பருவத்திலும் விடாதீர்கள். வெளிர் நிறத்தில் சொரசொரப்பான, பளபளக்காத தரையாக மாற்றுங்கள். பளிச்சென்ற வெள்ளை ஓடு சுடாதுதான், ஆனால் கண்புரை உள்ளவருக்குக் கண்ணாடிபோல் கூசும். பாதை அகலம் ஐந்தடி இருந்தால் இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிர் வரலாம். சரிவு 12 அடிக்கு ஒரு அடிக்கு மேல் ஏறக் கூடாது.

பெரம்பூர். மாடியில் அப்பாவுக்காக (பக்கவாதம் வந்தவர்) தோட்டம் வைக்கிறேன். கறுப்புத் தொட்டிகளில் செடி வெந்துபோகிறது.

வேர்தான் வேகிறது. கறுப்பு பிளாஸ்டிக்கைத் தளத்தில் நேராக வைத்தால் அடியிலும் பக்கத்திலும் சூடு. செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடியில் காற்று ஓடட்டும். சின்னத் தொட்டியைப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, இடையில் மணல் நிரப்பி அந்த மணலை நனையுங்கள். தளத்துக்குச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு, அப்பா உட்காரும் பக்கம் மட்டும் பாய் விரித்துக் கூசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈர மண் ஒரு கன அடி ஏறக்குறைய 50 கிலோ, ஆகவே தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரும் உத்தரமும் உள்ள ஓரங்களில் வரிசையாக்குங்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் கை வைக்க வேண்டுமானால், மேசை மாதிரி முட்டிக்கு இடம்விட்ட பாத்தி: அடியில் 27 அங்குல இடைவெளி, கை எட்டும் அகலம் இரண்டடி. நல்ல கைப்பக்கம் செடி, பாதித்த கைப்பக்கம் மரிக்கொழுந்து. இழுத்துப் பிடித்துக் கசக்கினால் வாசனை வரும், பிசியோதெரபிஸ்ட் சொல்லும் விரல் பயிற்சியும் நடக்கும்.

எந்தெந்தச் செடி? எதை வைக்கக் கூடாது? (பலர்)

சித்திரை, வைகாசி மல்லியின் காலம். மாலை ஆறு மணிக்கு மொட்டு அவிழும்போது பக்கத்தில் ஆள் உட்கார இடம் இருக்க வேண்டும். பந்தலுக்கு ரங்கூன் மல்லி: முதல்நாள் மாலை வெள்ளையாக மலர்ந்து, ரோஜா நிறமாகி, சிவப்பாக முடியும். ஞாபகம் மங்கியவர்களோடு 'நேற்று என்ன நிறம்?' என்று பேச அருமையான பூ. ஓமவல்லி, துளசி, திருநீற்றுப்பச்சிலை கைக்கெட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

அரளி, பொன்னரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி, செங்காந்தள், நித்யகல்யாணி, டிஃபன்பேக்கியா வேண்டாம். மறதி நோய் உள்ளவரும் சின்னக் குழந்தையும் எதையும் வாயில் வைப்பார்கள். பூஜைக்கு வேண்டுமே என்று பொன்னரளியை விட்டுவைக்காதீர்கள், அதன் கொட்டை உயிரைக் குடிக்கும்.

அல்லித் தொட்டி வைத்தால் கொசு வருமா? (கொருக்குப்பேட்டை)

வரும், மீன் இல்லாவிட்டால். கப்பி மீன் ஐந்தாறு விடுங்கள், தொட்டியில் பாதிக்கு மேல் நிழல் விழ வேண்டும். பறவைக்கு வைக்கும் தட்டு, தொட்டியடித் தட்டுகளை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும், சும்மா கொட்டிவிட்டு நிரப்பினால் விளிம்பில் ஒட்டிய முட்டை அங்கேயே இருக்கும்.

மணலியில் செடியெல்லாம் தூசு.

மூன்று நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில் இலையைக் கழுவுங்கள். உப்புத் தண்ணீரில் வேண்டாம். ரோமம் உள்ள இலைச்செடிகளைத் தெருப்பக்கம் வைக்காதீர்கள். காற்றில் நெடி இருக்கும் நாளில் ஆஸ்துமாக்காரரைத் தோட்டத்துக்கு அழைக்காதீர்கள்.

மனநல மருந்து சாப்பிடும் என் தம்பிக்குத் தோட்ட வேலை நன்றாகப் பிடித்திருக்கிறது. வெயிலில் விடலாமா? (புதுவண்ணாரப்பேட்டை)

வேலை தொடரட்டும், நேரம் மாறட்டும். சில மனநல மருந்துகள் வியர்வையைக் குறைக்கும், தாகத்தை மந்தமாக்கும். உடம்பு சூடாவது அவருக்கே தெரியாது. லித்தியம் சாப்பிடுகிறவர் உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். குளோர்ப்ரோமசின் போன்றவை வெயில் பட்ட தோலைச் சிவக்கவைக்கும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் 'தோட்டத்தில் வேலை செய்கிறார்' என்று சொல்லிக் கேளுங்கள். காலை எட்டரைக்குள் இருபது நிமிட வேலை, பத்து நிமிட நிழல். வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும், தாகம் எடுக்கிறதா என்று கேட்காமல் ஊற்றிக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறால் தண்ணீர் அளவு கட்டியிருந்தால் மட்டும் அந்த அளவுக்குள். பேச்சு குழறி, தடுமாறி, உடம்பு நெருப்பாகக் கொதித்தால் உடனே நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

கொளத்தூர். அம்மா எழுந்து வரவே முடியாது. அவருக்குத் தோட்டத்தால் என்ன பயன்?

1984-ல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஓர் ஆய்வு வெளியிட்டார். பித்தப்பை அறுவை முடிந்த நோயாளிகளில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலுவான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. நலத்தோட்டம் பற்றிய பேச்சுக்கெல்லாம் அடித்தளம் போட்ட ஆய்வு அது.

முதலில் அம்மாவின் தலையணையில் நீங்கள் படுத்துப் பாருங்கள். நின்றால் தெரிகிற தொட்டி படுத்தால் தெரியாது, ஜன்னல் விளிம்புதான் தெரியும். கட்டிலைத் திருப்பவோ தொட்டியை உயர்த்தவோ வேண்டியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே இரண்டடி தள்ளிக் கம்பி கட்டிக் கோவைக்கொடியோ சங்குப்பூவோ ஏற்றுங்கள். வெயில் அறைக்குள் வருமுன் இலையில் நின்றுவிடும், இடைவெளியில் காற்று வரும். மேற்கு ஜன்னல் என்றால் இந்தக் கொடி இன்னும் அவசியம். தினம் காலை ஏழு மணிக்கு நீங்கள் தண்ணீர் ஊற்றுவது அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நடக்கட்டும். கோவைக்காய் பறித்தால் தட்டோடு மடியில் வையுங்கள், காம்பு கிள்ளுவது அவர் வேலை.